டின் என்றால் தகரம்

“ரேணு, தண்ணி இனிக்குதுடி” என்றாள் அண்ணி.

நான் சிரித்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஆமா, சக்கர கலந்துதான் கொழாய்ல வுடுறாங்க” என்றேன்.

“அய்ய, கிண்டல் பண்ணாத. நாக்குல ஒத்த ரூவா காச வெச்சா மாதிரி கீது. இனிக்கவும் செய்யுது, கொமட்டவும் செய்யுது.”

சொம்பைக் கீழே வைத்தாள். கை நடுங்கியதில் சொம்பு தரையில் இரண்டு முறை தட்டியது. ஆடி மாதக் காற்று, மலையில் எல்லோருக்கும் நடுங்கும் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் அண்ணி இரண்டு போர்வைக்குள் சுருண்டிருந்தாள். பல் பல்லோடு அடித்துக்கொண்டது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக்குள் யாரோ மெல்லிசாக விசில் அடிப்பதுபோல.

அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. மார்கழியில் வரும், இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்குவாள், போய்விடும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

காலையில் கொட்டகைக்குள் பறந்த பஞ்சு கண் முன்னால் வந்தது.

நான் பி.ஏ. ஆங்கிலம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். படித்து முடித்துப் போளூரில் ஒரு செல்போன் கடையில் நான்கு மாதம் நின்றேன். கடைக்காரன் கடைசி நாள்வரை என் பெயரைச் சொல்லவில்லை, “மலைக்காரப் பொண்ணு” என்றே கூப்பிட்டான். வந்துவிட்டேன். வந்து சாமைக் கொல்லையில் களை எடுத்தால், சந்தையில் வாங்கிய களைக்கொத்தின் காம்பு வாரத்துக்கு ஒரு தடவை கழன்று காலில் விழுகிறது. இந்த எழவை நானே ஒழுங்காகச் செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். நான் ஆரம்பித்த எல்லாமே கோபத்தில் ஆரம்பித்தவைதான்.

லாரியின் பழைய பிரேக் டிரம்தான் உலை. கையால் சுற்றும் காற்றுப்பெட்டி ஒன்று போளூரில் வாங்கினேன். இரும்படிக்க யாரும் சொல்லித் தரவில்லை. செல்போனில் ஒரு குழு இருந்தது. உலகம் முழுக்க இரும்பு அடிக்கிறவர்கள், முப்பதாயிரம் பேர், எல்லாம் ஆங்கிலத்தில். இரும்பு எந்த நிறத்துக்கு வந்தால் அடிக்க வேண்டும், எந்த நிறத்துக்குப் போனால் தொடவே கூடாது, நுனியை எப்படித் தண்ணீரில் முக்க வேண்டும், எல்லாம் அங்கே படித்ததுதான். கேட்டால் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் பதில் சொல்லிவிடுவார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் குழுவின் முகப்பிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். உன் பெயரைச் சொல், ஊரைச் சொல், எத்தனை நாளாகச் செய்கிறாய் என்று சொல், கேள்வி கேட்டால் படம் போடு. இதில் நான் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. ரேணுகாதேவி என்ற பெயரில் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு ‘தேவ்’ என்று சேர்ந்தேன். பெண் என்று தெரிந்தால் கேள்விக்குப் பதில் வராது, மற்ற எல்லாம் வரும். ஐந்து வருடமாக அடிக்கிறேன் என்று எழுதினேன். உண்மையில் நான்கு மாதம். படம் மட்டும் போட முடியவில்லை. எந்தப் பக்கம் எடுத்தாலும் கிழிந்த நீலத் தார்ப்பாய், ஆட்டுப் புழுக்கை, நைட்டியோடு அண்ணி. அவர்கள் படங்களில் எல்லாம் சிமென்ட் தரையும் வரிசையாகத் தொங்கும் சுத்தியல்களும் இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும்.

முந்தாநாள் ஒரு கேள்வி போட்டேன். பஞ்சாயத்தில் புதுக் குழாய் போட்டபோது பிடுங்கிப் போட்ட பழைய தண்ணீர்க் குழாய் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. தகரம் பூசியது. ஒரு முனையைத் தட்டையாக அடித்தால் கொத்து, மறு முனையை அப்படியே விட்டால் காம்பு செருகக் கூடு. கழலவே கழலாது. அதனால் கேட்டேன்: டின் பூசிய குழாயை உலையில் வைக்கலாமா?

தகரம் என்றால் டின். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர் பதில் போட்டார்கள். டின் என்றால் பயமில்லை, சாப்பாட்டு டப்பாவுக்கே அதைத்தான் பூசுகிறார்கள், கொஞ்சம் காற்றோட்டமாக வைத்துச் செய். நான்காவதாக வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், ‘எம் கிரில் ஒர்க்ஸ்’ என்று பெயர், எழுதியிருந்தார்: “டின் பூசின தண்ணிக் குழாய் எங்கயும் கிடையாது. படம் போடுங்க.”

என்னிடம் இருக்கிற பொருளை எங்கேயும் கிடையாது என்கிறான். என்ன ஒரு திமிர். “என் வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்” என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு பிழைகூட இல்லை.

இன்று காலை தூறல். அம்மாவும் அப்பாவும் கலசப்பாக்கத்துக்கு ஒரு கருமாதிக்குப் போயிருந்தார்கள். உலையைத் தூக்கி ஆட்டுக் கொட்டகைக்குள் வைத்தேன், மூன்று பக்கம் சுவர். அண்ணி காற்றுப்பெட்டியைச் சுற்றினாள். குழாய் சிவந்ததும் பச்சையாக ஒரு சுடர் வந்தது. பிறகு வெள்ளைப் புகை, அதற்குள்ளிருந்து இலவம்பஞ்சுபோல் ஏதோ கிளம்பிக் கொட்டகை முழுக்க மிதந்தது. அண்ணி அதைக் கையால் பிடித்துப் பிடித்துச் சிரித்தாள். “தலகாணி தைக்கலாம் போல கீதே, ரேணு!” நான் மூக்கை மறைத்துத் துணி கட்டியிருந்தேன். அவளுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. அவள் புகை போகும் பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள், ஒரு மணி நேரத்துக்கு மேல்.

இப்போது மணி இரண்டரை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறாள்.

எங்கள் ஊரில் செல்போன் எடுக்கிற இடம் தண்ணீர்த் தொட்டி மேடு ஒன்றுதான். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும்.

“அண்ணி, அஞ்சு நிமிசம். தொட்டி வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்.”

“எதுக்கு... பயப்படுற? படுத்தா... சரியாப் பூடும்” என்றாள். நான்கு சொல்லுக்கு இரண்டு மூச்சு.

ஓடினேன். வழியில் அசோக்குமார் மாமா வீடு. குட்டியானை வண்டி வாசலில் நின்றது. “மாமா, வண்டிய எடுத்துக்கினு எங்க வூட்டாண்ட போங்க, அண்ணிக்கு மூச்சு வுட முடியல” என்று கத்திவிட்டு நிற்காமல் ஓடினேன்.

மேட்டில் ஏறியதும் குழுவைத் திறந்தேன். விரல் எழுத்தில் நிற்கவில்லை. என்ன எழுதினேன் என்று இன்னும் வரி வரியாகத் தெரியும். என் பெயர் ரேணுகா. நான் பெண். நான்கு மாதமாகத்தான் செய்கிறேன், ஐந்து வருடம் என்று பொய் சொன்னேன். இதுதான் அந்தக் குழாய். மூடிய கொட்டகையில் ஒரு மணி நேரம் எரித்தேன். வெள்ளைப் பஞ்சு பறந்தது. என் அண்ணிக்கு இப்போது குளிர், காய்ச்சல், வாய் இனிக்கிறது, மூச்சு இழுக்கிறது. உதவி செய்யுங்கள்.

காலையில் எனக்காக மட்டும் எடுத்துவைத்திருந்த படத்தை வெட்டாமல் அப்படியே போட்டேன். தார்ப்பாய், புழுக்கை, குழாயைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அண்ணி, எல்லாம்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழு வழியாகவே அழைப்பு வந்தது. எம் கிரில் ஒர்க்ஸ். எடுத்தால் பெண் குரல்.

“ஹலோ, தேவு சாரா?”

“நான்... ரேணுகா.”

“ஆங், இப்பதான் படிச்சேன். நான் மெர்சிலின், அமிர்திக்குப் பக்கத்துல கிரில் பட்டற. அது தகரம் பூசின பைப்பு இல்லயா?”

“ஆமாங்க. டின்னு.”

“அய்யோ, டின்னு இல்லம்மா! நம்ம ஆளுங்க எத வேணா தகரம்னுவாங்க. கூரத் தகரம், தகரப் பக்கெட்டு, அதுல எங்க கீது டின்னு? எல்லாம் துத்தநாகம். ஜிங்க்கு. ஜி.ஐ. பைப்பு. எரிச்சா அந்தப் பஞ்சு வரும். அதத்தான் அண்ணிக்காரி மோந்துகினு இருந்திருக்காங்க.”

நான் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தகரம் என்றால் டின். மூன்று வருடம் படித்து வாங்கிய ஆங்கிலம்.

“செத்துருவாங்களா?” என்று கேட்டேன்.

“சும்மா இருக்கிறவங்களுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சிட்டுப் பூடும். எனக்கே வந்துகீது. வெல்டருங்க பாலு குடிப்பாங்க, அந்தக் கதையெல்லாம் இப்ப வாணாம். அவங்களுக்கு முன்னாடியே மூச்சுக் கோளாறு எதுனா உண்டா?”

“இழுப்பு உண்டு.”

அவள் குரல் சட்டென்று மாறியது. அந்த மாற்றத்தில்தான் நான் நிஜமாகப் பயந்தேன்.

“அப்ப நிக்காத. ஆஸ்பத்திரிக்கு ஓடு. போன ஒடனே ஜிங்க் பொகன்னு சொல்லு. காய்ச்சல்னு மட்டும் சொன்னா மாத்தர குடுத்து அனுப்பிடுவாங்க. புரிதா? வெக்கப்படாம சொல்லு. நான் லைன்லயே கீறேன்.”

மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர். வண்டியின் முன் இருக்கையில் மாமாவுக்கும் எனக்கும் நடுவில் அண்ணி. வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் அவள் தலை என் தோளில் வந்து விழுந்தது. உதட்டின் ஓரம் கறுத்துப்போயிருந்தது, இல்லை, எனக்கு அப்படித் தெரிந்தது. நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணிக்கை விட்டுப்போனால் பயந்து திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.

“குளுரு காய்ச்சல்னா மலேரியாதான்” என்றார் மாமா. “நீ இன்னாத்துக்குப் பொக கிகன்னு ஒளர்ற? கரி ஏது, பைப்பு ஏதுன்னு நோண்டுவான். பஞ்சாயத்துப் பைப்பு வேற. பொட்டச்சி இரும்படிச்சு ஆளக் கொல்லப் பாத்தான்னு நாளைக்கு ஊரே பேசும். மலேரியான்னு சொல்லிட்டு வுடு.”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் எனக்கு அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. மலேரியா. யார் தப்பும் இல்லை, கொசுவின் தப்பு. அண்ணி என் கையைப் பிடித்திருந்தாள், பிடி இறுகி இறுகித் தளர்ந்தது. அவளால் பேச முடியவில்லை. எதைச் சொல்வது என்பது முழுக்க என் வாயில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அண்ணியின் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். எண்பத்தெட்டு என்று காட்டியது. அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சிஸ்டர் ஓடியதைப் பார்த்தேன்.

டாக்டரம்மா என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். “எத்தனை நாளா காய்ச்சல்?”

பின்னால் மாமா தொண்டையைச் செருமினார்.

“நாள் இல்ல மேடம், மதியம் ரெண்டு மணிலேர்ந்துதான். நான்தான் பண்ணேன்” என்றேன். “காலைல ஜி.ஐ. பைப்ப மூடின கொட்டாயில எரிச்சேன். ஜிங்க் பொக. இவங்க பக்கத்துல உக்காந்திருந்தாங்க. இவங்களுக்கு இழுப்பு உண்டு, எனக்கு அது தெரியும்.”

செல்போனில் படத்தைக் காட்டினேன். ஊரில் அறுந்த அழைப்பை ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி பிடித்திருந்தேன், மெர்சிலின் சொன்னபடியே லைனில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். “மேடம் வணக்கங்க, நான் வெல்டருங்க” என்று ஆரம்பித்து எப்படிப் புகை, எவ்வளவு நேரம், என்ன செய்யும் என்று கடகடவென்று ஒப்பித்தாள். டாக்டரம்மா நடுவில் நிறுத்தவில்லை.

“படிச்சிருக்கேன், பாத்ததில்ல” என்றார் கடைசியில். ஆக்சிஜன் வைத்தார்கள். மூக்கில் புகைபோல வரும் மருந்து வைத்தார்கள். அதைப் பார்க்கவே எனக்கு உடம்பு கூசியது. ஒரு ஊசி போட்டார்கள். “ரத்தமும் எடுத்துப் பாத்துடுவோம். ரெண்டு மணி நேரம் பாப்பேன். தொண்ணூத்திரெண்டத் தாண்டலன்னா கீழ அனுப்பிடுவேன். வண்டி ரெடியா நிக்கும்.”

கீழே என்றால் மலைக்குக் கீழே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி, ஒன்றேகால் மணி நேரம் வளைவுகள். இந்த மூச்சோடு.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. அண்ணியின் கண் திறந்தே இருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழுவில் நூற்று நாற்பது பதில்கள் வந்திருந்தன. ஒருவன் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான். ஒருவன் “தேவ், நீ பெண்ணா? அழகாக இருக்கிறாயா?” என்று கேட்டிருந்தான். இவனைப் போன்றவர்களுக்குப் பயந்துதான் நான் பெயரை வெட்டினேன். அவன் கேட்டுவிட்டான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலில் கிடப்பது அண்ணி. நூற்று நாற்பதையும் ஒன்று விடாமல் படித்தேன். எதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

எழுபதாவதோ எண்பதாவதோ ஒன்றில் கை நின்றது. டின் என்றால் பயமில்லை என்று முந்தாநாள் சொன்ன அதே கனடாக்காரர். “படம் கேட்காமல் பதில் சொன்னது என் தவறு. ஒன்று உடனே பார். குழாய்க்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது. தங்க நிறப் பூச்சுள்ள போல்ட் ஏதாவது நெருப்பில் விழுந்ததா? அது காட்மியமாக இருக்கலாம். அது துத்தநாகம் போல இல்லை. அது ஆளைக் கொல்லும், முதலில் சரியாவதுபோல் காட்டிவிட்டுக் கொல்லும்.”

படத்தைப் பெரிதாக்கினேன். இருந்தது. குழாயின் முனைக்கு ஒரு விரல் தள்ளி, மஞ்சளாக, பளபளப்பாக. குழாயைப் பிடுங்கியபோது கிளாம்ப்பு இருந்ததா, அதில் போல்ட் இருந்ததா, கழற்றினேனா? ஞாபகமே வரவில்லை. இன்னும் பெரிதாக்கினேன், எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. சிறிதாக்கினேன். மறுபடி பெரிதாக்கினேன்.

கட்டிலின் மேல் அண்ணியின் இடது கை இருந்தது. கிளிப் மாட்டிய கை. அதில் இரண்டு மஞ்சள் கண்ணாடி வளையல். படத்தில் குழாயைப் பிடித்திருப்பதும் அதே கை. வளையலின் வளைவு ஒளியில் துண்டுபோல் தெரிந்திருக்கிறது.

“வளையல். வளையல்தான்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். இருந்தாலும் எனக்கு அடங்கவில்லை. வெளியே போய் மாமாவிடம் சொன்னேன், வீட்டுக்குப் போய் உலையில் கிடக்கிற எல்லாவற்றையும், சாம்பலைக் கிளறி, ஒன்று விடாமல் படம் எடுத்துத் தொட்டி மேட்டிலிருந்து அனுப்பச் சொன்னேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “ஒனக்கு இன்னாம்மா பைத்தியமா?” என்று கேட்டார், ஆனால் போனார். ஐந்து மணிக்கு ஒன்பது படங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் குழுவில் போட்டேன். மெர்சிலினும் கனடாக்காரரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பார்த்து, இல்லை, போல்ட் எதுவும் இல்லை, குழாய் மட்டும்தான் என்றார்கள். நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் சொன்னார்கள்.

ஐந்தரைக்குத் தொண்ணூற்று மூன்று. டாக்டரம்மா வண்டியைப் போகச் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை. “பாப்போம்” என்றார்.

ஆறரைக்கு அண்ணி முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். “அந்தப் போட்டோவுல... நான் நைட்டியோட கீறேன்ல?”

“ஆமா.”

“எத்தன பேரு பாத்தாங்க?”

“முப்பதாயிரம் இருக்கும்.”

“நாசமாப் போறவளே” என்றாள். முழு வாக்கியம், ஒரே மூச்சில். எனக்கு அழுகை வந்தது. சிஸ்டர் வந்து முகமூடியைத் திரும்ப வைத்துவிட்டு என்னைத் திட்டினார்.

ஏழு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். சந்திரன், திருப்பூரில் பனியன் கம்பெனி. தினமும் வேலை முடிந்ததும் அண்ணியைக் கூப்பிடுவான், எடுக்கவில்லையென்றால் என்னை; அந்த நேரத்துக்கு நாங்கள் தொட்டி மேட்டில் இருப்போம். திரையில் அவன் பெயரைப் பார்த்ததும் அண்ணி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். முகமூடிக்குள்ளிருந்து, “மலேரியான்னு... சொல்லு. வேல வுட்டுட்டு... ஓடியாந்துருவாரு” என்றாள்.

எடுத்தேன்.

“இன்னா ரேணு, அவ போன எடுக்கல?”

“அண்ணா, நான் சொல்றத முழுசாக் கேளு. ஆஸ்பத்திரில கீறோம். அண்ணிக்கு மூச்சு முட்டிப்போச்சு. நான்தான் காரணம். எரிக்கக் கூடாத பைப்ப எரிச்சேன், அவங்கள பக்கத்துல உக்கார வெச்சி. ஒருத்தவங்க படம் காட்டுன்னு கேட்டாங்க. நான் காட்டல.”

பின்னால் தையல் மிஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றுவிட்டது, வெளியே வந்திருப்பான்.

“எவ்ளோ காட்டுது இப்ப?” என்றான். அவன் குரல் மாதிரியே இல்லை.

“தொண்ணூத்தஞ்சு.”

“அது நல்லதா?”

“நல்லதுன்றாங்க. ஆனா ராத்திரி முழுக்கப் பாக்கணும்னாங்க.”

“கெளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் அத வுட்டுக் கண்ண எடுக்காத. போன வெக்காத. கொறஞ்சாலும் சொல்லு, ஏறினாலும் சொல்லு.”

தொண்ணூற்றைந்து தொண்ணூற்று நான்கானது.

“அண்ணா, நாலு” என்றேன்.

அவன் ஓடுகிற மூச்சு காதில் கேட்டது. நான் கிளிப்பில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.